அழைப்பு மட்டும் போதாது

ஊழியத்துக்கு அழைப்பு இருந்தால் போதும், பட்டம் எதற்கு? பி.டி. என்ற இறையியல் பட்டம் படித்ததே அதிகம், அதற்கு மேல் எம்.டிஎச். என்ற மேற்பட்டம் எதற்கு? செமினரி ஒரு கல்லறை, அங்கே போனால் இருக்கிற விசுவாசமும் செத்துப்போகும். தமிழ்நாட்டுச் சபைகளில் பழகியவர் யாரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. சுயாதீன ஜெபக்கூடங்களில் இது பிரசங்கமாகவே வருகிறது. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில், இளம் ஆயர் ஒருவர் மேற்படிப்புக்கு அனுமதி கேட்கும்போது கமிட்டிக் கூட்டத்தில் வருகிறது. வீடுகளில், ‘இரண்டு வருஷம் படித்து வந்தால் சம்பளம் கூடவா போகிறது?’ என்று வருகிறது.

பக்தியுள்ளவர்கள் சொல்வதாயிற்றே என்று இதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. எதிர்க்க வேண்டியவர்கள் படித்த ஆயர்கள். ஆனால் அவர்கள் வாய் திறந்தால் தங்கள் பட்டத்துக்காக வாதாடுவதாகத் தோன்றும் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சங்கடம் இல்லை. நான் ஆயரல்ல, ஞாயிறுதோறும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறவன். இந்த விவாதம் எப்போதுமே பிரசங்கியின் பக்கத்திலிருந்துதான் நடக்கிறது. அவருடைய அழைப்பு, அவருடைய அபிஷேகம், அவருடைய விசுவாசம், அவருடைய சம்பளம். அவர் படிக்காமல் விட்டதற்கு விலை கொடுப்பவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. விலை கொடுப்பவர்கள் நாங்கள். அதனால் எங்கள் பக்கத்திலிருந்து இந்தக் கருத்தை மறுக்கிறேன்.

முதலில் பேதுருவை அழைத்து வருவார்கள். பேதுரு மீனவர், படிப்பறியாதவர், அவரைக் கொண்டே கர்த்தர் சபையைக் கட்டவில்லையா என்பார்கள். கட்டினார். ஆனால் அந்த மீனவர் மூன்று ஆண்டுகளாக இரவும் பகலும் இயேசுவோடு நடந்து, கேட்டு, தவறாகப் புரிந்துகொண்டு, கண்டிக்கப்பட்டு, திரும்பவும் கேட்டவர். அவர் கேட்டது தன் தாய்மொழியில், தன் ஊர்க் கடற்கரையில், தன் காலத்துப் பேச்சில். நமக்கும் அந்தப் பேச்சுக்கும் இடையில் இரண்டாயிரம் ஆண்டுகளும் மூன்று மொழிகளும் கிடக்கின்றன. பேதுருவுக்குத் தேவைப்படாத படிப்பு நமக்குத் தேவைப்படுவது இந்த இடைவெளியால்தான். நம் விசுவாசம் அவருடையதைவிடக் குறைவோ கூடவோ என்பது இங்கே கேள்வியே அல்ல. பவுலையும் மறக்கக் கூடாது. எருசலேமில் கமாலியேலின் பாதத்தருகே வேதம் கற்றவர் அவர். சிறையில் முடிவு நெருங்கிய நேரத்திலும் தீமோத்தேயுவுக்கு எழுதி, புத்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொன்னார்.

இவர்களையெல்லாம்விட எனக்கு முக்கியமானவர் அப்பொல்லோ. அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் அவரைப் பற்றிச் சொல்வதைக் கவனியுங்கள். அவர் நாவன்மை படைத்தவர், வேதவாக்கியங்களில் வல்லவர், ஆவியில் அனல் உள்ளவர். நம் ஊர்ச் சுவரொட்டிகள் ஒரு பிரசங்கியைப் பற்றிச் சொல்லக்கூடிய எல்லாமே அவரிடம் இருந்தது. ஆனாலும் அவருக்குத் தெரிந்தது யோவானின் ஞானஸ்நானம் மட்டுமே. கூடாரம் செய்து பிழைத்த பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அவர் பிரசங்கத்தைக் கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அவரைச் சேர்த்துக்கொண்டு, தேவ மார்க்கத்தை இன்னும் திருத்தமாக விளக்கிக் காட்டினார்கள். அவரும் கற்றுக்கொண்டார். அனலும் வல்லமையும் இருக்கிற ஒருவருக்கு மேலும் கல்வி தேவைப்பட்டது என்று வேதமே சொல்கிறது. அந்தக் குறையைக் கண்டுபிடித்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்த இருவர், அவர்களில் ஒருவர் பெண். அழைப்பையும் படிப்பையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்கள் இந்த அதிகாரத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

அடுத்து வில்லியம் கேரியைக் காட்டுவார்கள். செருப்புத் தைத்தவர், கல்லூரி வாசலை மிதிக்காதவர், அவரே இந்தியாவை அசைக்கவில்லையா என்பார்கள். அவர் செருப்புத் தைத்தது உண்மை. தைத்துக்கொண்டே லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் கற்றார் என்பதும் உண்மை. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. கல்லூரி வாய்ப்பே கிடைக்காத அந்த மனிதர், சக ஊழியர்களான மார்ஷ்மனோடும் வார்டோடும் சேர்ந்து 1818இல் செராம்பூரில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். 1827இல் டென்மார்க் மன்னர் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகக் கொடுத்தார். அந்தச் சாசனத்தின் பேரிலும், 1918இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய செராம்பூர் கல்லூரிச் சட்டத்தின் பேரிலும்தான் இன்றைக்கும் செராம்பூர் கல்லூரியின் செனட் பி.டி.யும் எம்.டிஎச்.சும் வழங்குகிறது. கேரியைக் காட்டி மேற்படிப்பை மறுப்பவர்கள், அவர் தமக்குக் கிடைக்காததைப் பிறருக்குக் கொடுக்க எவ்வளவு பாடுபட்டார் என்பதை மறைத்துவிடுகிறார்கள்.

எதிர்ப்பவர்களில் பலருக்கு எம்.டிஎச். என்றால் என்னவென்றே தெரியாது. பி.டி. ஊழியத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கற்றுத் தருகிறது. அதை முடித்தவர்களே எம்.டிஎச்.சில் சேர முடியும். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கிறிஸ்தவ இறையியல், திருச்சபை வரலாறு, மதங்கள், ஆலோசனை ஊழியம், அருட்பணி என்று பிரிவுகள் உண்டு. ஒன்றைத் தேர்ந்து இரண்டு ஆண்டுகள் அதிலேயே ஆழ வேண்டும். வேதப் பிரிவுகளுக்கு எபிரேயமோ கிரேக்கமோ கையில் இருக்க வேண்டும். பாடங்களுக்கும் கருத்தரங்குக் கட்டுரைகளுக்கும் பிறகு ஒரு ஆய்வேடு எழுத வேண்டும். இந்த ஆய்வேடுதான் முக்கியம். ஒரு சிறு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டவற்றையெல்லாம் படித்து, தன் முடிவுக்கு எதிரான சான்றையும் நேர்மையாக எடுத்துவைத்து எழுதுகிற பழக்கம் அங்கேதான் வருகிறது. ஆயிரம் பேர் முன்னால் மறுப்பில்லாமல் பேசுகிற வாய்ப்புள்ள ஒருவருக்கு இதைவிடத் தேவையான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. பி.டி. போதும் என்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்த பி.டி. மாணவருக்குப் பாடம் நடத்தப்போவது யார்? மேற்படிப்பு இல்லையென்றால் ஒரு தலைமுறைக்குள் பி.டி. வகுப்பும் இருக்காது.

படிப்பு இல்லாததால் பெஞ்சில் இருப்பவருக்கு என்ன நேர்கிறது என்பதை இரண்டு உதாரணங்களால் சொல்கிறேன்.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை கொடுப்பது நம் சபைகளின் வழக்கம். அந்த அட்டைகளில் அடிக்கடி அச்சாகும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. உங்களுக்குத் தீமையை அல்ல, நல்ல எதிர்காலத்தையே நினைத்திருக்கிறேன் என்று கடவுள் சொல்கிற பொருளுடையது. அதை வைத்து, இந்த வருஷமே வேலை, இந்த வருஷமே திருமணம், இந்த வருஷமே வீடு என்று பிரசங்கம் நடக்கும். அந்த வசனம் எங்கே இருக்கிறது? கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துக்கொண்டு போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் இருக்கிறது. முந்தைய வசனத்திலேயே எழுபது ஆண்டுகள் ஆகும் என்று சொல்லியாயிற்று. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலேயே சாகப்போகிறார்கள் என்பது அதன் பொருள். ஆகவே அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் நலனுக்காகவும் ஜெபியுங்கள் என்கிறார் எரேமியா.

இதற்கு முந்தைய 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், நுகம் முறிந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் அறிவித்தவர் அவர். மக்களுக்குப் பிடித்த செய்தி அது. எரேமியா அதைப் பொய் என்றார். இப்போது அந்த அட்டையை மறுபடி பாருங்கள். எரேமியாவின் வசனத்தை எடுத்துக்கொண்டு அனனியாவின் செய்தியைப் பிரசங்கிக்கிறோம். பாபிலோனிய சிறையிருப்பின் வரலாற்றைப் படித்த ஒருவரால் இந்தப் பிரசங்கத்தைச் செய்யவே முடியாது. படிக்காதவரால் மனசாட்சி உறுத்தாமல் செய்ய முடியும். டிசம்பர் திரும்பவும் வரும்போது வேலை கிடைக்காத பையனும் வரன் அமையாத பெண்ணும் தங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். குறை அவர்களிடம் இல்லை. ஒரு கடிதத்தை அதன் முந்தைய பக்கத்தோடு சேர்த்து வாசிக்காதவரிடம் இருக்கிறது. அந்த வசனத்தின் உண்மையான ஆறுதலும் இதனால் அவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது. நீண்ட காலம் விடியாத வாழ்க்கையிலும் கடவுள் கைவிடவில்லை என்கிற ஆறுதல் அது. எங்களில் பாதிப்பேருக்கு வேண்டியது அதுதான்.

இரண்டாவது, நோயும் மரணமும். புற்றுநோய் வந்தவரின் வீட்டுக்குப் போய், அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிற ஊழியர்கள் இன்றும் இருக்கிறார்கள். குழந்தையை இழந்த தாயிடம் முன்னோர் சாபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். யோபின் புத்தகம் முழுவதும் இந்தப் பேச்சுக்கு எதிராக நிற்கிறது. யோபின் நண்பர்களான எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் அழகாகத்தான் பேசுகிறார்கள். அவர்கள் வசனங்களைத் தனியே பிய்த்து எடுத்தால் வாக்குத்தத்த அட்டையில் அச்சடிக்கலாம். ஆனால் முடிவில் கடவுள் அவர்கள்மேல்தான் கோபம் கொள்கிறார். யார் பேசுகிற வசனம், புத்தகத்தின் போக்கில் அது எங்கே நிற்கிறது என்று பார்க்கக் கற்றவருக்கு இது தெரியும். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவன் பெற்றோரும் அல்ல என்று இயேசு மறுத்ததும் தெரியும். ஆலோசனை ஊழியத்தில் எம்.டிஎச். படித்தவர், துக்க வீட்டில் எதைப் பேசக் கூடாது என்பதைக் கற்றுக்கொண்டு வருகிறார். வைத்தியம் கற்காதவர் கையில் கத்தியைக் கொடுக்காத நாம், வேதம் கற்காதவரைச் சாவு வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம்.

விசுவாசம் கெட்டுப்போகும் என்ற அச்சத்தைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. அது சும்மா எழுந்த அச்சமல்ல. ஐந்தாகமங்களையும் மோசே ஒருவரே எழுதியிருக்க முடியுமா, ஏசாயாவின் புத்தகத்தில் எத்தனை கரங்கள் என்ற கேள்விகளை முதன்முறையாகக் கேட்கும் மாணவர் கலங்குவார். சிலர் கலக்கத்திலிருந்து வெளியே வராமலும் போயிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விகளைப் பேராசிரியர்கள் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. மோசே இறந்து அடக்கம் பண்ணப்பட்டதை உபாகமம் 34 சொல்கிறது. ஆதியாகமம் முதல் அதிகாரமும் இரண்டாம் அதிகாரமும் படைப்பை வேறு வேறு வரிசையில் சொல்கின்றன. ஆலயத்தில் வியாபாரிகளைத் துரத்திய நிகழ்ச்சியை யோவான் தொடக்கத்தில் வைக்கிறார், மற்ற மூவரும் முடிவில் வைக்கிறார்கள். வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை கவனமாக வாசிக்கிற எந்தப் பாட்டியும் இவற்றைக் காண முடியும். இன்றைக்குக் கல்லூரிக்குப் போகிற நம் பிள்ளைகள் இவற்றைக் கைபேசியில், ஏளனத்தோடு சேர்த்துக் கேட்கிறார்கள். பெரியார் பிறந்த மண்ணில் வளர்கிற பிள்ளைகள், கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். அவர்கள் போதகரிடம் வந்து கேட்கும்போது, ‘சந்தேகம் பிசாசின் வேலை, ஜெபம் பண்ணு’ என்று சொல்லி அனுப்புவதால் எத்தனை பேர் சபையைவிட்டுப் போகிறார்கள்? செமினரியில் விசுவாசத்தை இழந்தவரைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. போதகரிடம் பதில் இல்லாததால் போனவர்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. இதே கேள்விகளோடு இரண்டாண்டுகள் போராடி, அதன் பிறகும் திருவிருந்து மேசையருகே நிற்கிற ஒருவரால்தான் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச முடியும்.

படிப்பைக் கல்லறை என்கிறவர்கள் கையில் வைத்திருக்கிற வேதாகமம் எங்கிருந்து வந்தது? 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், ஜெர்மனியில் ஹாலேயில் இறையியல் படித்தவர். மூலமொழியிலிருந்து தமிழில் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அது 1715க்குள் அச்சாகி முடிந்தது. பின்னால் வந்த ஃபெப்ரீஷியஸ் எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பல்லாண்டுகள் திருத்தித் திருத்தி எழுதினார். ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் திருப்புதல் 1871இல் வெளிவந்தது. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் தொடக்க கால முதல்வராக இருந்த எல்.பி. லார்சன், அதன் பிறகு தமிழ் வேதாகமத் திருத்தப் பணிக்குப் பல ஆண்டுகளைக் கொடுத்தார். எபிரேயமும் கிரேக்கமும் கற்ற இவர்கள் இல்லையென்றால், படிப்பு வேண்டாம் என்று சொல்ல எடுத்துக்காட்டும் வசனம்கூடத் தமிழில் இருந்திருக்காது.

இதைவிட ஆழமான கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. நம் சபைகளில் சாதி இருக்கிறது. பெஞ்சில், கல்லறைத் தோட்டத்தில், பேராயத் தேர்தலில், கல்யாணப் பேச்சில் இருக்கிறது. அழைப்பும் அபிஷேகமும் பெற்றவர்கள் எத்தனையோ தலைமுறையாகப் பிரசங்கித்தும் அது போகவில்லை. பலர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அதைப் பாவம் என்று பேர் சொல்லி, வேதத்தின் நடுவிலிருந்து எதிர்க்கிற பேச்சு எங்கே வலுப்பெற்றது? இறையியல் கல்லூரி வகுப்பறைகளில்தான். 1981 ஏப்ரலில் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் பி. நிர்மல் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். இந்தியக் கிறிஸ்தவ இறையியல் இதுவரை உயர்சாதித் தத்துவங்களோடு மட்டுமே உரையாடிவந்தது, சபையின் பெரும்பான்மையான ஒடுக்கப்பட்ட மக்களின் அனுபவம் அதில் இல்லை என்பது அவர் வாதம். தலித் இறையியல் என்று பின்னால் பேர் பெற்ற இயக்கத்துக்கு அது தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. நிர்மல் பிறகு சென்னை குருக்குல் கல்லூரியில் அதைத் தனிப் பாடமாகவே வளர்த்தார்.

மதுரை அரசரடியில், தமிழிலேயே பி.டி. கற்பிக்கவென்று 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், தியோபிலஸ் அப்பாவு இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். பறட்டை அண்ணன் என்று ஊர் ஊராக அறியப்பட்டவர் அவர். சபைகள் தீட்டென்று ஒதுக்கிவைத்த நாட்டார் இசையிலேயே வழிபாட்டை அமைத்தார். சாதி பாராமல் ஒரே பானையிலிருந்து எல்லாரும் கூடி உண்பதைத் திருவிருந்தின் பொருளாக விளக்கினார். கிராமத்துப் பெண்கள் பாடிய பாட்டில் இறையியல் இருக்கிறது என்று காட்டினார். ஒரு பேராசிரியர் செய்த வேலை இது. இறையியல் மேற்படிப்பு மக்களிடமிருந்து ஆளைப் பிரித்துவிடும் என்று சொல்கிறவர்கள் அவருடைய பாடல்கள் பாடப்படும் ஒரு சபைக்காவது போய்ப் பார்க்க வேண்டும். மேலும் சொல்கிறேன், இந்தப் படிப்பை வெறுக்கிறவர்களில் சிலர் விசுவாசத்துக்காக அஞ்சவில்லை. பெஞ்சு வரிசை மாறிவிடுமே என்று அஞ்சுகிறார்கள்.

எதிர்த் தரப்பு சொல்வதில் ஒன்றை முழுமையாக ஒத்துக்கொள்கிறேன். எம்.டிஎச். படித்து வந்த சிலரின் பிரசங்கம் எங்களுக்குப் புரிவதில்லை. ஜெர்மன் அறிஞர்களின் பெயர்கள் வருகின்றன, எங்கள் துயரம் வருவதில்லை. படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், கற்றதைத் தமிழில் சொல்லச் சொல் கிடைக்காமல் திணறுகிறார்கள். இந்தக் குறையைத் தீர்க்கப் படிப்பைக் குறைப்பது வழியல்ல. அரைகுறையாகச் செரித்ததை இன்னும் நன்றாகச் செரிக்க வேண்டும். தமிழில் நல்ல இறையியல் நூல்கள் இன்னும் நிறைய வர வேண்டும். அவற்றை எழுதப்போகிறவர்களும் மேற்படிப்பு படித்தவர்கள்தாம். 1938 டிசம்பரில் தாம்பரத்தில் கூடிய உலக அருட்பணி மாநாடு, இறையியல் கல்வியின் நிலை கிறிஸ்தவப் பணியின் மிகப்பெரிய பலவீனங்களில் ஒன்று என்று வருந்தியது. இந்தக் கவலை எங்கிருந்தோ வந்ததல்ல, நம் வாசலிலேயே சொல்லப்பட்டது. அதே காலத்தில் சென்னையில், நீதிபதியாக இருந்த செஞ்சையாவும் வழக்கறிஞரான சக்கரையும் ஆயர்களாக இல்லாமலேயே இறையியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் இருப்பவர்களால் இவ்வளவு யோசிக்க முடியும் என்றால், பிரசங்க பீடத்தில் நிற்பவரிடம் அதற்குக் குறைவாக எதிர்பார்ப்பது எங்களையே அவமதிப்பதாகும்.

சம்பளம் கூடாதே என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. கூடாது. கூட வேண்டும் என்பதற்காக யாரும் இதைப் படிக்கவும் கூடாது. ஆனால் கேட்கிறவர்கள் வேறொரு காட்சியையும் பார்க்கட்டும். படிப்பு வேண்டாம், ஆவியானவர் போதும் என்று பிரசங்கிக்கிற பலரின் சுவரொட்டிகளில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருக்கிறது. எந்த வகுப்பறையிலும் உட்காராமல், எந்த ஆய்வேடும் எழுதாமல் காசு கொடுத்து வாங்கிய பட்டம் அது. படிப்பின் மதிப்பு அவர்களுக்கும் தெரியும். உழைப்பு மட்டும்தான் வேண்டாம். இது எளிய ஜனங்களை ஏமாற்றும் பாவம், இதைச் சபைகள் வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும்.

பேராயங்களிடம் எங்கள் கோரிக்கை இதுதான். ஒரு கோபுரத்தை உயர்த்த லட்சக்கணக்கில் காணிக்கை கேட்கும்போது தயங்காத கமிட்டிகள், ஓர் ஆயரின் இரண்டு ஆண்டுப் படிப்புச் செலவைக் கேட்டதும் கணக்குப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். பெண் ஆயர்களையும் சமமாக அனுப்ப வேண்டும். சி.எஸ்.ஐ. 1976இலேயே பெண்களுக்கு அருட்பொழிவு கொடுத்தது, மேற்படிப்புக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அது தெரிய வேண்டும். படித்துத் திரும்புகிறவரை அவர் படிப்புக்குச் சம்பந்தமில்லாத நிர்வாக வேலையில் போட்டு, நில வழக்குக் கோப்புகளைச் சுமக்கவைக்கக் கூடாது. வாரத்தில் ஒரு மாலையை அவருக்குக் கொடுங்கள். பழைய ஏற்பாடு படித்து வந்தவர் எரேமியாவை எங்களோடு ஒரு வருஷம் வாசிக்கட்டும். வரலாறு படித்து வந்தவர் எங்கள் சேகரத்தின் பழைய பதிவேடுகளைத் திறந்து எங்கள் முன்னோர் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், அவர்களை எங்கே உட்காரவைத்தார்கள் என்று சொல்லட்டும். கேள்வி நேரம் ஒதுக்குங்கள். நாங்கள் வருவோம், பிள்ளைகளையும் அழைத்து வருவோம்.